கைதட்டல் வேண்டாம், பதில் சொல்லுங்கள்: பெரியவர்கள் கூட்டத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது பத்து வயது, தொடக்கநிலை நான்கு. ஏப்ரல் மாதம், சிங்கப்பூரில் தமிழ்மொழி விழாக் காலம். ஒரு நூல் வெளியீட்டுக்கு அவளையும் கூட்டிப் போயிருந்தேன். நூலாசிரியர் தெரிந்தவர் என்பதால் பிரதி ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் ஒரு கதையை அவள் இரண்டு தடவை படித்தாள். 1970களில், தோ பாயோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு வட்டாரத்தில் நடக்கும் கதை. ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வரும் பாட்டி, மின்தூக்கியில் ஏறி ஏழாவது மாடியில் இறங்குகிறார்.

கேள்வி நேரத்தில் மகள் எழுந்து, “ஐயா, அந்தக் காலத்து புளோக்குல லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காதுன்னு எங்க தாத்தா சொன்னாங்க. பாட்டி எப்படி ஏழாவது மாடியில இறங்கினாங்க?” என்று கேட்டாள்.

அரங்கம் சிரித்தது, கைதட்டியது. நெறியாளர், “அடடா, என்ன அழகான தமிழ்! இந்தப் பிள்ளைக்கு இன்னொரு பலத்த கரவொலி” என்றார். இன்னொரு முறையும் தட்டினார்கள். அப்புறம் ஒலிவாங்கி அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில், ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை பேசாமல் வந்தவள் கேட்டாள்: “அப்பா, அவங்க பதிலே சொல்லலையே?”

அவள் கேட்டது நல்ல கேள்வி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கிப் படியில் ஏறவோ இறங்கவோ வேண்டும். 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான் மாடிக்கு மாடி நிற்க ஆரம்பித்தது. அதே கேள்வியை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் நூலாசிரியர் பத்து நிமிடம் பேசியிருப்பார்.

அதற்குப் பிறகு அவளையும் அவள் தம்பியையும் பல கூட்டங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். சில கூட்டங்களில் நானே ஒலிவாங்கி தூக்கிக்கொண்டு ஓடும் தொண்டூழியராகவும் இருந்திருக்கிறேன். அங்கே பார்த்ததையும் பட்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் இப்படி நடக்கிறது?

பெரியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5. ஆங்கிலம் 48.3க்குப் போய்விட்டது. நம் கூட்டங்களுக்கு வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். ஒரு பிள்ளை தமிழில் வாயைத் திறந்தாலே அவர்களுக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது. என்ன பேசியது என்பது காதில் விழுவதில்லை, தமிழ் மட்டும்தான் விழுகிறது. பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாசம், கேள்வியின் மேல் போர்த்திய பொன்னாடையாக வந்து சேருகிறது.

முன்பு இப்படி இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் மாணவர் மணிமன்றம் என்று மாணவர்கள் எழுதவே பக்கம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் இந்த ஊரின் எழுத்தாளர்கள் ஆனார்கள். பக்கம் கிடைத்தது, எழுதினார்கள். “என்ன அழகான தமிழ்” என்று தலையைத் தடவி அனுப்பிவிடவில்லை.

படி 1: எந்தக் கூட்டம் என்று தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான். நூல் வெளியீடு பெரும்பாலும் பிள்ளைக்குச் சரிப்படாது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, நூல் ஆய்வுரை இரண்டு, ஏற்புரை, நன்றியுரை. கேள்வி நேரம் அழைப்பிதழில் இருக்கும், அரங்கில் இருக்காது. பட்டிமன்றம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், போய்ச் சிரித்துவிட்டு வரலாம், ஆனால் பார்வையாளர் பேச அங்கே இடமில்லை.

நான் சொல்வது மாதந்தோறும் கூடும் சிறிய கூட்டங்கள். 1980களின் இறுதியில் தொடங்கி அங் மோ கியோ நூலகத்தில் கூடிவந்த வாசகர் வட்டம் அப்படிப்பட்டது. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் பேசுவார்கள். கவிதை எழுதும் பிள்ளை என்றால் கவிமாலை. கதை எழுதும் பிள்ளை என்றால் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம். அங்கே கதை எழுதி அனுப்பிவிட்டுப் போனால், பிள்ளை பார்வையாளராகப் போகாது, படைப்பாளியாகப் போகும். அந்த நாற்காலியே வேறு.

நவம்பர் வாக்கில் நடக்கும் சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவின் தமிழ் அமர்வுகளும் நன்று, அங்கே கேள்விக்கென்று நேரம் ஒதுக்குவார்கள். இந்திய மரபுடைமை நிலையத்து உரைகளும் அப்படியே. எதுவானாலும் மூன்று விஷயம் பாருங்கள்: இருபது முப்பது பேருக்குமேல் போகாத கூட்டமா, இரண்டு மணி நேரத்துக்குள் முடியுமா, பேசப்படும் புத்தகம் அந்த வயதுக்கு ஏற்றதா. மூன்றாவதை நீங்களே படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அட்டையில் பூனை இருந்தது என்று நம்பி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பாதியில் எழுந்து வர வேண்டியதாகிவிட்டது.

அடுத்த மாதமும் அதே கூட்டத்துக்குப் போங்கள். முதல் தடவை வரும் பிள்ளை அதிசயம். மூன்றாம் தடவை வரும் பிள்ளை, ‘வாசகர்’.

படி 2: ஏற்பாட்டாளருக்கு ஒரு செய்தி

இதைப் பலரும் செய்வதில்லை. நேரில் போய் நின்றால் ஏற்பாட்டாளர் பதறிப்போய்ப் பிள்ளையைத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடச் சொல்லிவிடுவார். முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் ஐயா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் என் மகளும் வருகிறோம். அவளுக்குப் பத்து வயது. புத்தகத்தைப் படித்துவிட்டாள், ஒரு கேள்வி கேட்க விரும்புகிறாள். மற்றவர்களைப் போலவே அவளுக்கும் முறை வரும்போது ஒலிவாங்கி கிடைத்தால் போதும். பாடவோ மேடையேறவோ சொல்ல வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.”

பதிவு செய்ய வேண்டிய நிகழ்ச்சி என்றால் பிள்ளையின் பெயரிலேயே ஓர் இருக்கை பதியுங்கள். வாசலில் பெயர்ப்பட்டியலில் தன் பெயரைத் தானே தேடி டிக் போடும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

படி 3: கேள்வியைத் தயார் செய்வது

இங்கே கொஞ்சம் நிதானிப்போம், பெற்றோர் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான். நானும் கெடுத்திருக்கிறேன்.

பிள்ளை படிக்கும்போது பென்சில் ஒன்று கொடுங்கள். புரியாத சொல்லுக்கு அடிக்கோடு தேவையில்லை, அது பள்ளிப் பாடம் மாதிரி ஆகிவிடும். ‘இது எப்படி?’ என்று தோன்றிய இடத்தில் மட்டும் ஒரு புள்ளி. படித்து முடித்ததும் புள்ளி வைத்த இடங்களைச் சேர்ந்து பாருங்கள். அதில் ஒன்றிரண்டு நிஜக் கேள்வியாக இருக்கும்.

நிஜக் கேள்வியா என்று பார்க்க என்னிடம் ஒரே சோதனைதான்: பதில் தெரியாவிட்டால் பிள்ளைக்குத் தூக்கம் கொஞ்சமாவது கெடுமா? “இந்நூலை எழுத உங்களைத் தூண்டியது எது?” என்பதற்கு எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் கெடாது. அது அப்பா எழுதிக் கொடுத்த கேள்வி என்று அரங்கத்துக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். மகனுக்கு ஒருமுறை நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். மனப்பாடமாகச் சொல்லி, ‘தூண்டியது’ வரும்முன் மறந்து, என்னைத் திரும்பிப் பார்த்து நின்றான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. மேடைத் தமிழுக்கு மாற்றாதீர்கள். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளியிலேயே பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. மேடையில் இருப்பவரும் இறங்கி வந்தால் பேச்சுத்தமிழில்தான் பேசுவார். பள்ளியில் மின்தூக்கி, தாத்தா வாயில் லிஃப்ட், மகள் கேள்வியில் லிஃப்ட். அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒரு சொல் வராவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். தேடிக்கொண்டு நின்றால் அரங்கமே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் அது வாய்மொழித் தேர்வுதான்.

எப்படி விளிப்பது? புளோக்குக்குக் கீழே எல்லாரும் அங்கிள், ஆன்ட்டிதான். கூட்டத்தில் ஐயா, அம்மா போதும். அங்கிள் என்றதும் எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் குழந்தைக் குரலுக்குப் போய்விடுகிறார். ஐயா என்றால் நிமிர்ந்து உட்காருகிறார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் பல தடவை பார்த்துவிட்டேன்.

படி 4: அன்றைக்கு

வயிறு நிறைந்திருக்கட்டும். தேநீர் இடைவேளையில் வடை வரும் என்று நம்பிப் போகாதீர்கள், கடைசியில்தான் வரும். நம் ஊர் அரங்குகளின் குளிர் தெரிந்ததே. தேசிய நூலகத்து 16ஆம் மாடி அரங்கானாலும் சரி, சமூக மன்றத்து அறையானாலும் சரி, ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். நடுங்கிக்கொண்டு யாரும் இலக்கியம் பேச முடியாது. பையில் புத்தகம், சின்ன நோட்டு, பென்சில், தண்ணீர்ப் புட்டி. உங்கள் கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையை அமைதிப்படுத்தும் வேலை வேண்டாம். பெரியவர்கள் பார்த்துவிடுவார்கள், அப்புறம் கேள்விக்கு மதிப்பு இருக்காது. (அதே பெரியவர்கள் பேச்சு நடுவே வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவார்கள். அது வேறு கதை.)

முதல் வரிசை சிறப்பு விருந்தினருக்கு. மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம் உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் வேண்டாம், ஒரு நாற்காலி தள்ளியோ நேர் பின்னாலோ போதும். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் முழங்கை சும்மா இருக்காது.

வெளியேறும் ஒப்பந்தம் ஒன்று முன்பே செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில், நோட்டை மூடிப் பென்சிலை மேலே வைத்தால் ‘போகலாம் அப்பா’ என்று பொருள். ஒரு தடவைகூட நான் மறுத்ததில்லை. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் அடுத்த மாதமும் வருகிறார்கள்.

படி 5: ஒலிவாங்கி கையில் வந்ததும்

இதை வீட்டில் ஒரு கரண்டியை வைத்தே பழகிவிடலாம். தாடைக்குக் கீழே ஒரு கைப்பிடி தூரத்தில் பிடிக்க வேண்டும், வாயில் ஒட்டக் கூடாது. முதலில் பெயர். வயதும் பள்ளியும் வேண்டாம், வேறு யாரும் சொல்வதில்லையே. பிறகு எந்தக் கதை, எந்த இடம் என்று ஒரு வாக்கியம். பிறகு கேள்வி, ஒன்றே ஒன்று.

நின்றபடி காத்திருக்கச் சொல்லுங்கள். கேட்டதும் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பதில் வரும்வரை நின்றால் பதில் வரும். இதை நான் கற்றது மகளின் அந்த முதல் கேள்வியில்தான். கைதட்டல் கேட்டதும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நாற்காலிமேல் ஏற்றிவிட யாராவது வருவார்கள். “பரவாயில்லைங்க, தரையில நின்னே பேசட்டும்” என்று சொல்லிவிடுங்கள். நிமிர்த்தி வைத்த ஒலிவாங்கியாக இருந்தால் கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கை தூக்கியும் தொண்டூழியர் தாண்டிப் போய்விட்டால் (நானே தாண்டிப் போயிருக்கிறேன், பிள்ளை சோம்பல் முறிக்கிறது என்று நினைத்து) அவரிடம் கண்ணால் காட்டுங்கள். கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள்.

படி 6: அரங்கம் ‘அச்சோ’ என்றதும்

இதுதான் கடினமான படி. கைதட்டலைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அது அடங்கட்டும். நெறியாளர் அடுத்தவரைக் கூப்பிட்டால் பிள்ளையே சொல்லலாம்: “நன்றிங்க ஐயா. என் கேள்விக்கு ஐயா பதில் சொன்னா நல்லா இருக்கும்.” இதை வீட்டில் நாலு தடவை சொல்லிப் பழகினால் போதும். மரியாதையும் இருக்கிறது, பிடியும் இருக்கிறது. பிள்ளையால் முடியாவிட்டால் மட்டும் நீங்கள்: “ஐயா, அவள் கேட்டதுக்கு நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கும் ஆசை.” அதற்குமேல் ஒரு சொல் வேண்டாம்.

இன்னொன்று, பிள்ளையைப் பற்றி உங்களிடம் கேட்பது. “எந்த ஸ்கூல் படிக்குது? வீட்டுல தமிழ்தானா?” பிள்ளை பக்கத்திலேயே நிற்கும். “அவகிட்டயே கேளுங்களேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வடை எடுக்கப் போய்விடுவேன். “ஒரு திருக்குறள் சொல்லும்மா” என்றால் என் மகள் இப்போதெல்லாம், “நீங்க ஒண்ணு சொல்லுங்க ஐயா, நான் அடுத்தது சொல்றேன்” என்கிறாள். யாரும் இரண்டாவது குறளுக்கு வந்ததில்லை.

மதிப்பது என்றால் மறுப்பதும் அதில் சேர்த்திதான். ஒரு கூட்டத்தில் என் மகன், கதையில் வரும் அப்பா கெட்டவர் என்றான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “இல்லப்பா, 42ஆம் பக்கம் திரும்பப் படி, அவர் ஏன் அடிச்சார்னு அங்க இருக்கு” என்றார். என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது, பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று. மகன் உடனே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். படித்துவிட்டு, “அடிச்சதுக்குக் காரணம் இருக்கு, ஆனா அடிச்சது அடிச்சதுதானே?” என்றான். ஆசிரியர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அன்று கூட்டத்தில் ஒரு கைதட்டல்கூட இல்லை.

பேச விரும்பாத பிள்ளை

வற்புறுத்தாதீர்கள். தாளில் கேள்வியை எழுதி, கீழே பெயரையும் எழுதி நெறியாளரிடம் கொடுக்கலாம். நெறியாளர் பெயரைச் சொல்லி வாசித்தால் அதுவும் கேட்டதுதான். முதல் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்து கேட்டாலும் நல்லதே. வரவே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறு துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவே இன்னொரு வகுப்பாக இது ஆகிவிடக் கூடாது.

ஏற்பாட்டாளர்கள், நெறியாளர்களுக்கு

உங்களுக்குச் சுருக்கமாக. பிள்ளையின் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள், வேறு மாற்றாமல். ‘வருங்காலத் தலைமுறை’ என்ற சொல்லை அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள், அது இப்போதே வந்து உட்கார்ந்திருக்கிறது. பரிசுப் பை வேண்டாம், மற்ற கேள்வியாளர்களுக்கு நீங்கள் கொடுப்பதில்லை. படம் எடுக்கும்முன் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள். பேச்சாளர் நெகிழ்ந்து வேறு பக்கம் போனால், “கேள்வி மின்தூக்கியைப் பற்றியது ஐயா” என்று இழுத்து வாருங்கள். உங்கள் வேலையே அதுதானே.

படி 7: தேநீர் நேரமும் வீடு திரும்பும் வழியும்

சரியான பேச்சு நடப்பது தட்டும் கையுமாக நிற்கும்போதுதான். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருங்கள், காதுக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம்.

ரயிலில் மதிப்பெண் போடாதீர்கள். “நல்லா பேசின” என்பதும் மதிப்பெண்தான். “அவர் சொன்ன பதில் உனக்குச் சரின்னு படுதா?” என்று மட்டும் கேளுங்கள். குடும்பக் குழுவில் காணொளி போடும்முன் பிள்ளையிடம் அனுமதி வாங்குங்கள். என் மகள் இரண்டு தடவை வேண்டாம் என்றாள், போடவில்லை, என் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

பதில் கிடைக்காமல் வந்தால் கேள்வியை வைத்திருங்கள். அதே நூலாசிரியர் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சிறிய வாசிப்புக் கூட்டத்துக்கு வந்தார். பதினைந்து பேர், வட்டமாக நாற்காலி. மகள் அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள், அதே கேள்வியைக் கேட்டாள், இந்த முறை உட்காரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க தாத்தா எந்த புளோக்?” என்றார். தோ பாயோ லோரோங் 5 என்றாள். “நான் எழுதினது லோரோங் 8. எங்க புளோக்குல ஏழாவது மாடியில நின்னுச்சும்மா. நாங்க ஆறாவது, படியில இறங்கித்தான் போவோம்” என்றார். பிறகு தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, “நின்னுச்சுன்னுதான் ஞாபகம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தாத்தாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் தாத்தாவின் குரல்: “லோரோங் 8லயா? சும்மா சொல்றாரு. என் கூட வேலை பார்த்தவன் அங்கதான் இருந்தான். அடுத்த கூட்டம் எப்பன்னு கேளு, நானும் வரேன்.”